பொய்யும் மெய்யும் பகுத்தறிதல்

2019-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பார்லிமெண்டுத் தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் வோட்டுப் பதிவு நடந்த நாளை ஒட்டிப் புதுக்கோட்டை ஜில்லா பொன்னமராவதியில் நிகழ்ந்த சம்பவங்களை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சமூகத்தாரையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் இழிவாகப் பேசும் ஒலிப்பதிவு ஒன்று வாட்ஸ்அப் மூலம் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிற்று. ஆத்திரங்கொண்ட ஜனங்கள் போலீஸ் ஸ்டேஷன் முன்பு திரண்டனர். கல் வீச்சு நடந்தது, வாகனங்கள் நொறுங்கின, போலீஸார் காயமுற்றனர், கடைகள் அடைபட்டன. வட்டாரத்தில் 144 தடையுத்தரவு பிறந்தது. அண்டை ஊர்களுக்கும் கிளர்ச்சி பரவிற்று. நேற்றுவரை ஒரே சந்தையில் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்க்கும் நிலை வந்தது.

அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் கோபங்கொண்டது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. தம் வீட்டுப் பெண்களை இகழும் சொல்லைக் கேட்டு வாளாவிருப்பவன் மனிதனாகான். ஆனால் அந்தக் கோபம் யார்மீது செல்ல வேண்டும் என்பதன்றோ கேள்வி? பேசியவர் யார்? எந்த ஊரினர்? எப்பொழுது பேசினார்? அதைப் பதிவு செய்து ஊருக்கெல்லாம் அனுப்பியவர் யார்? அனுப்பியதில் அவருக்கு என்ன இலாபம்? கூட்டம் திரண்ட அந்த வேளையில் இக்கேள்விகளில் ஒன்றுக்கேனும் விடை தெரிந்தவர் அக்கூட்டத்தில் எத்தனை பேர்? ஓர் ஒலிப்பதிவு உண்மையாகவே பதிவானது என்று வைத்துக்கொண்டாலும், பெயர் தெரியாத சிலர் நாவடக்கமின்றிப் பேசினர் என்பதற்கு மட்டுமே அது சாக்ஷியாகும். ஒரு சமூகம் முழுவதும் அப்படி நினைக்கிறது என்பதற்கு அது சாக்ஷியாகாது. பேசியது சிலர், பழி சுமந்தது பல்லாயிரவர். இந்த அநீதிக்குக் காரணம் தீவினை மட்டுமன்று, விசாரியாமையே பெருங்காரணம்.

இவ்விஷயத்தை நாம் இன்று எடுத்துப் பேசுவதற்குக் காரணமுண்டு. இது ஒரூரில் ஒரு நாள் நடந்து ஓய்ந்த காரியமன்று. 2018-ஆம் வருஷம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியபோது, திருவண்ணாமலை ஜில்லாவில் கோயிலுக்குச் சென்ற வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு முதிய பெண்மணி அடித்துக் கொல்லப்பட்டார். அதே வருஷம் ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் ரெயின்பாடா என்ற கிராமத்தில் ஐந்து வழிப்போக்கர்கள் அதே வதந்திக்கு இரையாயினர். அதன் பின்னரே, ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேர்களுக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனியார் இந்தியாவில் வரம்பு விதித்தனர். உயிர்கள் போன பிறகு வந்த வரம்பு அது.

தமிழ்நாடு பிறரைப் பற்றிய பொய்யை நம்பியது போலவே, தமிழ்நாட்டைப் பற்றிய பொய்யைப் பிறர் நம்பியதுமுண்டு. 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், ஹோலிப் பண்டிகையை ஒட்டி, பீஹாரிலிருந்து இங்கு வந்து பாடுபடும் தொழிலாளர்களைத் தமிழர்கள் வெட்டிக் கொல்வதாகப் படங்கள் வடநாடெங்கும் பரவின. அவற்றுள் ஒன்று அத்தொழிலாளர்களின் இரு கோஷ்டியார் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோயமுத்தூரில் உள்ளூர்வாசிகளுக்குள் நடந்த தகராறு. போலீஸ் தலைவர் சைலேந்திர பாபு இதை வெளியிட்டுச் சொன்னார். பீஹார் சர்க்கார் அதிகாரிகள் குழுவொன்றை அனுப்பி நேரில் விசாரித்தது. எனினும் அதற்குள் பயந்த தொழிலாளர் பலர் ரயிலேறிவிட்டனர். அன்று நாமெல்லாம் என்ன சொன்னோம்? "விசாரியாமல் எங்களைக் கொலைகாரரென்று தூற்றலாமா?" என்று மனம் நொந்தோம். நியாயமான நோவுதான். ஆனால் நமக்கு நேர்ந்தபோது நாம் கேட்ட நியாயத்தை, நம் கைப்பேசிக்கு அயலாரைப் பற்றி ஒரு படம் வரும்போது நாம் வழங்குகிறோமா? இதுவே நமது வாசகர்களுக்கு நாம் விடுக்கும் முதல் கேள்வி.

தேசத் தொண்டில் ஈடுபட்டவர்களுள் சிலர், "எதிரி பொய் சொல்லுகிறான், நாம் மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் போராட்டம் பின்தங்கிவிடாதா?" என்று கேட்கின்றனர். இவர்களுக்கு நமது தேசத்தின் சரித்திரமே விடை சொல்லும். 1919-ஆம் வருஷம் ஜாலியன் வாலாபாக்கில் படுகொலை நடந்தது. சர்க்கார் நியமித்த ஹண்டர் கமிட்டி ஒரு புறமிருக்க, காங்கிரஸ் மகாசபை சார்பில் காந்தியடிகள், சித்தரஞ்சன் தாஸ், அப்பாஸ் தயாப்ஜி, ஜயகர் ஆகியோர் தனியே விசாரணை நடத்தினர். 1,700 பேர்களுக்கு மேற்பட்ட சாக்ஷிகளின் வாக்குமூலங்களை ஆராய்ந்து, அவற்றுள் 650 அளவே பொறுக்கியெடுத்துப் பிரசுரித்தனர். ஐயத்துக்கிடமானது என்று தோன்றிய வாக்குமூலம் தள்ளப்பட்டது. தேசமே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. எவ்வளவு மிகைப்படுத்திச் சொன்னாலும் நம்புவதற்கு ஜனங்கள் ஆயத்தமாயிருந்தனர். இருந்தும் ஒரு சொல்லையும் மிகைப்படுத்தலாகாது என்பதில் காந்தியடிகள் உறுதியாக நின்றார். 1920 மார்ச்சில் வெளிவந்த அந்த அறிக்கை ஆங்கில ஆட்சியின் மானத்தை வாங்கியது அதன் கூச்சலால் அன்று, அதன் மெய்யால். பொய்யொன்று கலந்திருந்தால், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அத்தனை மெய்யையும் எதிரி தள்ளியிருப்பான். ஆகவே சரிபார்த்தல் போராட்டத்துக்குத் தடையன்று. போராட்டத்தின் கவசம் அதுவே.

இனி, பொய்யென்று அறிந்தே பரப்பப்படும் செய்தி ஒருபுறமிருக்க, நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட பிழையும் உண்டு. இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குகைக்கோயில் ஓவியங்களை உலகம் அறியும். அவை 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் தீட்டுவித்தவை என்று இன்றும் பல வலைத்தளங்கள் எழுதுகின்றன. இக்கருத்து ஒரு காலத்தில் ஆராய்ச்சி அறிஞர்களே சொன்னதுதான். ஆனால் பின்னர், அந்தக் குகைக்கோயிலிலேயே உள்ள தமிழ்க் கல்வெட்டு ஆராயப்பட்டது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் ஜைன ஆசிரியர் அக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்த செய்தி அதில் உள்ளது. இதனால் ஆராய்ச்சியாளரின் கருத்து மாறிற்று. பழைய கருத்தை எழுதியவர் ஒருவர். அதைப் பார்த்தெழுதியவர் நூறு பேர். அந்த நூற்றைப் பார்த்து நம்புகிறவர் இலட்சம் பேர். "நூறு தளங்களில் இருக்கிறதே!" என்று வியப்பவர், அந்த நூறும் ஒரே வாயிலிருந்து வந்த எதிரொலியென்பதைக் கவனிப்பதில்லை. நூறு எதிரொலி ஒரு சாக்ஷிக்கும் ஈடாகாது.

அப்படியானால் ஒரு வலைத்தளத்துச் செய்தி நம்பத் தகுந்ததா என்று சாதாரணக் கல்வியுடையவன் எங்ஙனம் தீர்மானிப்பது? இதற்கும் நமது முன்னோர் கல்லிலேயே வழி வெட்டி வைத்திருக்கின்றனர். குடுமியான்மலையிலும் நார்த்தாமலையிலும் திருமயத்திலும் உள்ள கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு துண்டு நிலத்தைத் தானமாகக் கொடுத்தாலும், இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டு என்று காலம் குறித்து, கொடுத்தவர் இன்னார், பெற்றவர் இன்னார் என்று பெயர் சொல்லி, நான்கெல்லை வகுத்து, இறுதியில் இவை இன்னாரெழுத்து என்று கையெழுத்திட்டு முடிக்கும் வழக்கத்தைக் காண்கிறோம். பெயர், காலம், ஆதாரம், சாக்ஷி ஆகிய இந்நான்கும் இருந்தால்தான் கல்லும் பேசும். இந்நான்கையும் கொண்டே இன்று நாம் வலைத்தளத்தையும் விசாரிக்க வேண்டும்.

முதலாவது, சொல்பவர் யார்? தளத்தை நடத்துபவர் தம் பெயரையும் ஸ்தலத்தையும் வெளியிட்டிருக்கிறாரா? பிழை நேர்ந்தால் திருத்தம் வெளியிடும் வழக்கமுண்டா? பத்திரிகை நடத்துவோர் அச்சிடுவோர் பெயரையும் வெளியிடுவோர் பெயரையும் அச்சிட்டே தீரவேண்டுமென்பது சட்டம். முகமூடியணிந்த தளத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சர்க்கார் பெயரால் வரும் தளமாயின் அதன் முகவரியின் முடிவைப் பார்க்க வேண்டும். 'கவ்.இன்' என முடியும் முகவரி சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு மட்டுமே வழங்கப்படுவது. ஜில்லா நிர்வாகத்தின் தளங்கள் பல 'நிக்.இன்' என முடிவன. '.காம்', '.ஆர்க்' என முடிவனவற்றைப் பணங் கொடுத்தவர் எவரும் வாங்கலாம். சர்க்காரின் பெயரை முகவரியின் நடுவில் நுழைத்து, முடிவில் வேறொன்றை வைத்து ஏமாற்றுவோரும் உண்டு. உதவித் தொகை தருவதாகவும் உத்தியோகம் தருவதாகவும் சொல்லி ஆதார் எண்ணையும் பாங்கிக் கணக்கு எண்ணையும் கேட்கும் தளங்களில் ஏழைகள் விழுவது இவ்வழியாகவே.

இரண்டாவது, எக்காலத்துச் செய்தி? பழைய வெள்ளத்தின் படத்தை இன்றைய வெள்ளமென்றும், வேற்றூர்க் கலகத்தை நம்மூர்க் கலகமென்றும் காட்டுவது இக்காலத்தில் மிக எளிய மோசடி. படத்தையே கொடுத்து அது முன்பு எங்கு வெளிவந்தது என்று தேடும் வசதி கூகுள் முதலிய தளங்களில் உண்டு. அதற்குக் காசும் வேண்டாம், புலமையும் வேண்டாம், சில நிமிஷப் பொறுமையே வேண்டும்.

மூன்றாவது, ஆதாரம் எது? "ஆராய்ச்சி சொல்லுகிறது", "கோர்ட்டு சொல்லிவிட்டது" என்று எழுதியிருந்தால், எந்த ஆராய்ச்சி, எந்தக் கோர்ட்டு, எந்தத் தேதித் தீர்ப்பு என்று கேளுங்கள். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகளும், சர்க்காரின் கெஜட்டும் இன்று எவரும் காணும்படி வெளியிடப்படுகின்றன. மூலத்தைச் சுட்டாதவன் மூலத்துக்கு அஞ்சுகிறான் என்று கொள்வதில் தவறில்லை.

நான்காவது, வேறு சாக்ஷி உண்டா? ஒரு தளத்தின் யோக்கியதையை அத்தளத்தின் பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்து அறிய முடியாது. அதன் அழகும் அச்சும் கண்ணை மயக்கும். அதைவிட்டு வெளியே வந்து, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்லுகின்றனர், அதே செய்தியை அதனோடு சம்பந்தமில்லாத வேறிருவர் சொல்லுகின்றனரா என்று பார்ப்பதே அனுபவஸ்தர் முறை. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் பழமொழி, செயற்கை நுண்ணறிவு கொண்டு இல்லாத முகத்தையும் சொல்லாத குரலையும் சமைக்கும் இந்நாளில், முன்னெப்போதையும் விடப் பொருத்தமாகிவிட்டது.

திருமயத்தில் 1887-ஆம் வருஷம் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி டில்லிச் சட்டசபையில் கேள்வி நேரத்தில் எழுந்து நின்றால் ஆங்கில அதிகாரிகள் கலங்கினர் என்பது நாடறிந்த விஷயம். கேள்வி கேட்கும் கலையில் தேசத்துக்கே வழி காட்டியவரைத் தந்த மண், தன் கைப்பேசியைப் பார்த்து நான்கு கேள்வி கேட்கத் தயங்கலாமா?

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். "ஜனங்கள் ஒவ்வொருவரும் விசாரிப்பது நடக்கிற காரியமா? எது மெய், எது பொய் என்று சர்க்காரே சொல்லிவிட்டால் போகிறது" என்பர் சிலர். இந்த யோசனையை நாம் முற்றிலும் மறுக்கிறோம். இந்திய சர்க்கார் 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தன் நிர்வாகத்தைப் பற்றிய செய்திகளில் பொய்யானது எது என்று அடையாளமிடும் அதிகாரத்தைத் தன்னுடைய பிரிவு ஒன்றுக்கே அளிக்க முற்பட்டது. 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. அவ்வருஷம் செப்டம்பரில் பம்பாய் ஹைகோர்ட்டு அவ்விதி அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று தள்ளிற்று. இது மிகவும் சரியான தீர்ப்பு என்பது நமது அபிப்பிராயம். தன்மீது கூறப்படும் குற்றச்சாட்டில் தானே நீதிபதியாக எவனும் அமரலாகாது. சர்க்காருக்கும் இது பொருந்தும். 1878-ஆம் வருஷத்து நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டமும், 1910-ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டமும் ஜனங்களைப் பொய்யிலிருந்து காப்பதற்கே என்றுதான் அந்நாளிலும் சொல்லப்பட்டது. பாரதியாரின் 'இந்தியா' 1908-ல் புதுச்சேரிக்கு ஓட நேர்ந்தது பொய் சொன்னதாலா, மெய் சொன்னதாலா என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுமோ?

சர்க்காரின் கடமை வேறு. மெய்யைத் தாமதமின்றி வெளியிடுவதே அக்கடமை. சர்க்கார் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு நாழிகையும் வதந்திக்குக் கிடைத்த வாடகையில்லா வீடு. இதற்கும் நமது ஜில்லாவே சாக்ஷி. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் ஆதி திராவிட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, தேசம் முழுவதும் வெட்கித் தலைகுனிந்தது. 2023 ஜனவரியில் விசாரணை சி.பி.சி.ஐ.டி. போலீஸாரிடம் சென்றது. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அதை ஊராரும் பல கட்சியாரும் ஏற்க மறுத்து மத்திய புலனாய்வு விசாரணை கோரினர். உடனே படங்களும் ஒலிப்பதிவுகளும் வலைத்தளங்களில் கொட்டின. கோர்ட்டில் விசாரணை நடந்து முடியுமுன்பே, ஒரு சாரார் அம்மூவரைக் குற்றவாளிகளென்றும், மற்றொரு சாரார் வேறு சிலரைக் குற்றவாளிகளென்றும் ஓரிரவில் தீர்ப்பெழுதினர். வழக்கின் உள்ளே நாம் புகவில்லை. குற்றச்சாட்டு வேறு, நிரூபணம் வேறு என்ற அரிச்சுவடியை மட்டும் நினைவூட்டுகிறோம். போலீஸார் சொன்னதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. போலீஸார் சொன்னதாலேயே அது பொய்யாகிவிடவும் செய்யாது. சோதிக்கப்பட்ட சாக்ஷியமே தீர்மானிக்க வேண்டும். இரண்டு வருஷம் விவரமின்றி விடப்பட்ட ஜனங்கள் எதையும் நம்பவும் எதையும் நம்பாதிருக்கவும் ஆயத்தமாகிவிட்டனர் என்றால், அந்தப் பழியில் அதிகாரிகளுக்கும் பங்குண்டு.

எனினும் சர்க்காரைக் கடிந்துவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. அரசியல் ஊழியர்களுக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அது கசப்பாக இருக்கலாம். எதிர்க்கட்சியின் பொய்யைக் கண்டுபிடிப்பதில் நமக்குள்ள கூர்மை, நம் கட்சியின் பொய்யைக் காணும்போது மழுங்கிவிடுகிறது. நமக்குப் பிரியமான செய்தியே நமக்கு மிகவும் ஆபத்தான செய்தி; ஏனெனில் அதை நாம் சோதிப்பதில்லை. "சரியோ தவறோ, ஜாக்கிரதைக்காக அனுப்புகிறேன்" என்று சொல்லிக்கொண்டு அனுப்புகிறவன், விஷமோ மருந்தோ என்றறியாமல் அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஊட்டுகிறவனே. அனுப்பிய விரலுக்குப் பொறுப்புண்டு. தவறென்று தெரிந்தபின், எத்தனை பேருக்கு அனுப்பினோமோ அத்தனை பேருக்கும் திருத்தத்தை அனுப்புவது மானக்கேடன்று, அனுப்பாதிருப்பதே மானக்கேடு. கட்சிக் கிளைகளும் வாலிபர் சங்கங்களும் இவ்விதியை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டால், பொன்னமராவதி போன்ற நிகழ்ச்சிகளில் பாதியேனும் குறையும்.

புதுக்கோட்டை ஜில்லாவுக்கு இதைச் செய்து காட்டும் தகுதி உண்டென்று நாம் நம்புவது வெறும் முகமனன்று. 1991-ஆம் வருஷத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஜில்லாக் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தாலும், ஆயிரக்கணக்கான தொண்டர்களின் உழைப்பாலும், கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் மாலையில் விளக்கடியில் அமர்ந்து எழுத்தறிந்தனர்; பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினர். சம்பளம் வாங்காத தொண்டர் சைன்யமே அதைச் சாதித்தது. அன்று எழுத்தைப் படிக்கக் கற்றோம். இன்று எழுத்தைச் சோதிக்கக் கற்க வேண்டும். முன்னதற்கு வேண்டியிருந்தது சிலேட்டும் பலப்பமும். பின்னதற்கு வேண்டியது ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கனவே இருக்கும் கைப்பேசியும் சிறிது நிதானமுமே.

திருக்கோகர்ணத்தில் அரசாங்க மியூசியம் இருக்கிறது. அரும்பாடுபட்டுத் தொகுத்த பழந்தமிழ்ப் பதிப்புகளும் பத்திரிகைகளும் நிறைந்த ஞானாலயா நூலகம் இருக்கிறது. ஊர் தோறும் கிளை நூலகங்கள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் மாலை, நூலகத்தில் இளைஞரும் முதியோரும் கூடி, அவ்வாரம் தமக்கு வந்த செய்திகளுள் ஒன்றை எடுத்து, மேலே சொன்ன நான்கு கேள்விகளைக் கேட்டு விசாரித்து, முடிவைப் பலகையில் எழுதி வைக்கட்டும். பள்ளி உபாத்தியாயர்கள் இதை மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாகக் கொடுக்கட்டும். இதற்குச் சட்டமும் வேண்டாம். சர்க்கார் பணமும் வேண்டாம்.

சுயராஜ்யம் என்பது வோட்டுரிமை மட்டுமன்று. தன் அறிவைப் பிறன் ஆளவிடாத பிரஜையே சுதந்திர பிரஜை. யார் அனுப்பினாரென்றறியாத ஒரு குரல் சொன்னதும் கல்லை எடுக்கும் கை, எந்த ஆட்சியின் கீழ் இருந்தாலும் அடிமையின் கையே. பொன்னமராவதியில் அன்று அடைபட்ட கடைகள் திறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அடுத்த ஒலிப்பதிவு எந்த ஊருக்கு எப்பொழுது வருமென்று எவருக்கும் தெரியாது. அது வரும்போது, அதைக் கேட்ட முதல் பத்துப் பேர்களில் ஒருவரேனும், "யார் சொன்னது? என்றைக்குச் சொன்னது? ஆதாரம் எங்கே? வேறு சாக்ஷி யார்?" என்று கேட்டு நிற்பாரானால் ஓர் ஊர் தப்பும். அந்த ஒருவர் நமது பத்திரிகையைப் படிக்கிறவராக இருக்க வேண்டும் என்பதே நமது அவா.